மீனுக்கு முதல் தண்ணீர்

கொம்பியூட்டர் கேம் என்று சொன்னாலே வீட்டில் ஏச்சு விழும். அது தெரிந்துகொண்டுதான் இன்று ஒரு கேமைப் பற்றி எழுதுகிறேன். உங்களில் பலர் பிறக்குமுன்பே வந்த கேம். பெயர் கிரியேச்சர்ஸ். 1996இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஸ்டீவ் கிராண்ட் என்ற நிரலாளர்.

இதில் சுடுவதற்கு எதிரி கிடையாது. தாண்டுவதற்கு லெவல் கிடையாது. நோர்ன் என்ற சின்னச் சின்ன உயிர்கள் முட்டையிலிருந்து பொரித்து வரும். நீங்கள் அவற்றை வளர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவை வெறும் பொம்மைகள் இல்லை. ஒவ்வொரு நோர்னுக்கும் நரம்பணுக்களால் பின்னிய ஒரு மூளை உண்டு. உடம்புக்குள் ஓடும் வேதிப்பொருட்கள் உண்டு. இவற்றைத் தீர்மானிக்கும் மரபணுக்களும் உண்டு. அவற்றுக்குப் பசிக்கும், பயம் வரும், அடி பட்டால் நோகும். சொல்லிக் கொடுத்தால் சொற்களைப் பழகும். சோடி சேர்ந்து முட்டை போடும். பிள்ளைக்குத் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் மரபணுக்கள் கலந்து வரும், இடையிடையே ஏதாவது ஒன்று பிறழ்ந்தும் போகும். கடைசியில் கிழடாகிச் செத்துப்போகும்.

1999இல் மூன்றாவது பாகம் வந்தது. 2001இல் டொக்கிங் ஸ்டேஷன் என்ற பகுதியை இலவசமாகக் கொடுத்தார்கள். 2003இல் நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். ஆனால் கேம் சாகவில்லை. விளையாடியவர்களே புதிய அறைகள், செடிகள், பூச்சிகள், நோர்ன் இனங்கள் என்று செய்து ஒருவருக்கொருவர் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்றும் கொடுக்கிறார்கள். அதில் பலருக்கும் ஆசையான வேலை, தண்ணீருக்குள் வாழும் உலகம் ஒன்றைச் செய்வது. எனக்கும்தான்.

இந்த வேலையைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து இருக்கிறது: மீனை முதலில் செய்யாதீர்கள். தண்ணீரை முதலில் செய்யுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் படத்திலிருந்துதான் தொடங்குவார்கள். செதில் வைத்த, செட்டை வைத்த, நீல நிற நோர்ன். பார்க்க வடிவாகத்தான் இருக்கும். வேலையும் கொஞ்சமில்லை. ஒரு நோர்னின் உடம்பு தலையிலிருந்து வால் நுனி வரை 14 துண்டுகள். குழந்தை, பெரியது, கிழடு என்று வயதுக்கு வயது வேறு படம். ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு. மாதக் கணக்காக இருந்து கீறி முடித்து, அதைத் தண்ணீருக்குள் விட்டால் என்ன நடக்கும்? மூழ்கிச் சாகும். ஏனென்றால் படத்தில் செட்டை இருந்தாலும் உடம்புக்குள் அது இன்னமும் தரையில் வாழும் நோர்ன்தான். காற்று கிடைக்காத இடத்தில் அதன் உடலில் இருக்கும் காற்று குறைந்துகொண்டே போகும். செதில் கீறியதால் மூச்சு வராது. மூச்சு இருப்பது மரபணுவில்.

சரி, மூச்சுக்கு என்ன செய்வது? இரண்டு வழி இருக்கிறது. ஒன்று சுகமான வழி. கேமுக்கென்று கேயாஸ் என்ற நிரல்மொழி ஒன்று உண்டு. அதில் நாலு வரி எழுதி, பக்கத்தில் வரும் எந்த நோர்னுக்கும் காற்றை ஏற்றிவிடும் ஒரு பொருளைத் தண்ணீருக்குள் வைத்துவிடலாம். நோர்ன் சாகாது. ஆனால் அந்தப் பொருளை எடுத்த அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும். பிள்ளைகளுக்கும் எதுவும் போய்ச் சேராது. மற்றது கஷ்டமான வழி. மரபணுவைத் திறந்து, தண்ணீரிலும் உடலின் காற்று குறையாதபடி வேதியியலை மாற்றுவது. நடையும் மரபணுவில்தான் இருக்கிறது, ஆகவே நீந்துவது போன்ற அசைவையும் அங்கேயே எழுதலாம். இது பிள்ளைக்குப் போகும், பேரப்பிள்ளைக்கும் போகும்.

இவ்வளவும் செய்த பிறகும் நோர்ன் சாகலாம், இந்த முறை பட்டினியால். சாப்பாடு பக்கத்திலேயே இருக்கும், அதற்குத் தெரியாது. நோர்ன் தூரத்தில் இருக்கும் சாப்பாட்டை மணத்தால்தான் தேடிப் போகிறது. மணம் அறைக்கு அறை பரவ வேண்டும். எந்த வகை அறையில் எந்த மணம் எவ்வளவு வேகமாகப் பரவும், எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதைக் கேமுக்கு எண்களாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அறைகளுக்கு நடுவில் இருக்கும் எல்லை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் உங்கள் கடல் அழகான ஒரு சுவர்ப்படம், அதற்குமேல் ஒன்றுமில்லை. சாப்பாட்டிலும் ஒரு வகை போதாது. மூன்றாவது பாகத்திலிருந்து நோர்னுக்குப் புரதத்துக்கு ஒரு பசி, மாச்சத்துக்கு ஒரு பசி, கொழுப்புக்கு ஒரு பசி என்று மூன்று பசி. பாசியை மட்டும் வளர்த்துவிட்டு இருந்தால் மற்ற இரண்டு பசியும் தீராது.

இன்னொன்று. நோர்னின் மூளை பொருட்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, சுமார் 40 வகைகளாகப் பிரித்துத்தான் பார்க்கிறது. நீங்கள் செய்த கடற்பழத்தைக் கவனமில்லாமல் பூச்சி வகையில் போட்டுவிட்டால், பூச்சி என்றால் சாப்பாடு என்று அது பழகிவிடும். பிறகு ஒவ்வொரு பூச்சிக்குப் பின்னாலும் வாயைத் திறந்துகொண்டு திரியும். பார்க்கிறவர்கள் “மொக்கு நோர்ன்” என்று சிரிப்பார்கள். அது மொக்கு இல்லை. அதற்குக் கிடைத்த உலகம் அப்படி.

எனக்கு இந்தக் கேமில் மிகவும் பிடித்ததும், என்னை யோசிக்க வைத்ததும் கலப்புப் பிள்ளைகள்தான். தண்ணீர் நோர்னும் தரை நோர்னும் சோடி சேரலாம். தோற்றத்துக்குரிய மரபணுக்கள் தலைக்கு, உடலுக்கு, கைக்கு, காலுக்கு, வாலுக்கு என்று தனித்தனி. மூச்சுக்குரியவை வேறு. ஆகவே மீன் வாலோடு பிறந்த பிள்ளைக்குத் தண்ணீரில் மூச்சு வராமல் இருக்கலாம். பார்க்க அசல் தரை நோர்ன் மாதிரி இருக்கும் இன்னொன்று கடலடியில் சாவகாசமாக நடந்து திரியலாம். முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. இதற்காகச் சிலர் கலப்பே வேண்டாம், இனம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று முட்டைகளை அழித்துவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. கலப்புப் பிள்ளைக்கும் ஓர் இடம் வேண்டுமென்றால் கரையோரமாக ஆழமில்லாத ஓர் அறையைச் செய்யுங்கள். தண்ணீரிலிருந்து தரைக்கு ஏற ஒரு சரிவு வையுங்கள். கேமில் அறை என்பது சரிவகம்தான், தரையைச் சரிவாக வைப்பது மிகச் சுலபம். முட்டையை அழிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இனி, நான் ஏன் இதை உங்களுக்கு எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

கலியாண வீடு, பிறந்தநாள் எங்கே போனாலும் ஒரு முறைப்பாடு கேட்கும். “இந்தப் பிள்ளையளுக்குத் தமிழே வருகுதில்லை.” முகம் தமிழ், பெயர் தமிழ், வாயைத் திறந்தால் இங்கிலீஷ். நாங்கள் ஏதோ குறையோடு பொரித்து வந்த முட்டை மாதிரிப் பார்ப்பார்கள். பெரியவர்களின் கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: தண்ணீர் எங்கே? சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்பது, நான் மேலே சொன்ன, காற்றை ஏற்றிவிடும் அந்தப் பொருள் மாதிரித்தான். பக்கத்தில் நிற்கும்வரை மூச்சு வரும். எங்களுக்குப் பிடித்த விஷயத்தை, கேமோ கிரிக்கெட்டோ ரோபோவோ, தமிழில் கதைக்கவும் வாசிக்கவும் ஓர் இடம் வேண்டாமா? மூன்று பசிக்கும் சாப்பாடு வேண்டாமா? திருக்குறள் மனப்பாடம் நல்லதுதான், ஆனால் அது ஒரு பசிக்குத்தான் சாப்பாடு.

இதைப் பெரியவர்களிடம் கேட்பதோடு நிற்கவும் கூடாது என்பது என் கருத்து. நிறுவனம் மூடிய பிறகு கிரியேச்சர்ஸை உயிரோடு வைத்திருந்தவர்கள் யார்? விளையாடியவர்கள்தான். ஒருவரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. ஒருவர் பாசி செய்தார், ஒருவர் நத்தை செய்தார், ஒருவர் அறை செய்தார். தமிழிலும் எங்களுக்கு வேண்டிய தண்ணீரை நாங்களே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். தமிழில் ஒரு கேம் விளக்கம் எழுதுங்கள். தம்பி தங்கைக்கு ஓர் அட்-ஓன் செய்வது எப்படி என்று தமிழில் சொல்லிக் கொடுங்கள். சொல் வராத இடத்தில் இங்கிலீஷ் சொல்லைப் போட்டுக் கதையுங்கள். கரையோரத்து அறைதானே, பரவாயில்லை.

கேமைத் தொடங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு யோசனை. முதல் முயற்சியிலேயே சமுத்திரம் வேண்டாம். ஓர் அறை, ஒரு பாசி, அதைத் தின்ன ஒரு நத்தை. இவ்வளவும் போதும். ஓட விட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து வந்து பாருங்கள். பாசி எல்லாம் தீர்ந்து நத்தைகள் செத்துக் கிடந்தால் எண்களைத் திருத்துங்கள். பாசியும் இருந்து நத்தையும் இருந்தால், அதற்குப் பிறகு முட்டையை வையுங்கள்.