சிப் வடிவமைப்பு: லைசென்ஸ் மட்டும் போதுமா?

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் திராட்சையைப் பாடாய்ப்படுத்தும் நோய்களில் ஒன்று அடிச்சாம்பல் நோய். இலையில் ஈரம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று தெரிந்தால், நோய் வரும் வாய்ப்பை முன்கூட்டியே கணிக்கலாம். அந்த ஈரத்தை அளந்து வயர்லெஸ்ஸில் அனுப்பும் சென்சார், தேனி வட்டாரப் பொறியியல் கல்லூரி எதற்கும் தோதான இறுதியாண்டு புராஜெக்ட். தனி உரிமம் வாங்காமல் பயன்படுத்த 865-868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் இருக்கிறது. ஆனால், ஆய்வக மேசையில் ஒழுங்காகப் பேசும் கருவி, பந்தலுக்கு அடியில் போனதும் தடுமாறக்கூடும்.

காரணம் எளிது. இந்த அலைவரிசையில் அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர். திராட்சைப் பந்தலோ குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய உலோகக் கம்பி வலை. ஆன்டெனாவை அந்தக் கம்பிக்கும் நனைந்த இலைக்கும் பக்கத்தில் வைத்தால் அதன் குணமே மாறிவிடும். மின்மறுப்பு 50 ஓம் என்று நம்பி வடிவமைத்த இடத்தில் வேறொரு மதிப்பு வந்து நிற்கும். அனுப்பிய ஆற்றலில் ஒரு பகுதி வெளியே போகாமல் சர்க்யூட்டுக்கே திரும்பும்.

இதைத் தோட்டத்துக்குப் போகும் முன்பே கணக்கிட முடியாதா? முடியும். ஆனால், ஒரே மென்பொருளால் முடியாது. சர்க்யூட் சிமுலேட்டருக்கு டிரான்சிஸ்டர் தெரியும், பந்தல் தெரியாது. மின்காந்தப் புலத்தைக் கணக்கிடும் மென்பொருளுக்குக் கம்பியும் இலையும் தெரியும், டிரான்சிஸ்டர் தெரியாது. பிசிபி எனும் சர்க்யூட் பலகையை வரையும் மென்பொருளுக்குச் செம்புத் தடத்தின் வடிவம் மட்டுமே தெரியும். பிசிபியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இறங்கும் ‘வியா’ என்ற சின்னத் துளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தூண்டல் ஒரு நானோஹென்றி என்று வைப்போம். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் அது இருப்பதே தெரியாது. 866 மெகாஹெர்ட்ஸில் ஐந்து ஓமுக்கு மேல் தடை காட்டும், வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸில் 15 ஓம். சர்க்யூட் படத்தில் அந்தத் துளையே கிடையாது.

ஆகவே, ரேடியோ அதிர்வெண் வடிவமைப்பில் பாதி வேலை, இந்தக் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைப்பதுதான். அதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் பொது மொழி ‘டச்ஸ்டோன்’ கோப்பு. 1980களில் ஈஈசாஃப் என்ற அமெரிக்க நிறுவனம் விற்ற சிமுலேட்டரின் பெயர் அது. மென்பொருள் மறைந்துவிட்டது, கோப்பு வடிவம் மட்டும் பொதுத் தரமாக நிலைத்துவிட்டது. நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம்: ஒவ்வொரு வரியிலும் ஓர் அதிர்வெண், அந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் கடந்தது, எவ்வளவு திரும்பியது என்ற எண்கள். எந்த நிறுவனத்தின் மென்பொருளும் அதை எழுதும், படிக்கும்; அளவுக் கருவியும் அப்படியே.

கோப்பைக் கொண்டுபோய்ப் போட்டால் வேலை முடிந்துவிடுமா? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. மின்காந்தக் கணக்கு எந்த இடத்தில் முடிகிறது, சர்க்யூட் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று எல்லை வகுக்காவிட்டால், அதே வியா இரண்டு முறை கணக்கில் ஏறும். அல்லது ஒரு முறைகூட ஏறாது. அதிர்வெண் வாரியான அந்த எண்களை, நேர வாரியாகக் கணக்கிடும் ஸ்பைஸ் சிமுலேட்டருக்கு ஏற்ற சர்க்யூட்டாக மாற்றும்போது இன்னொரு வில்லங்கம். பொருத்தம் சரியில்லாவிட்டால், சாதாரண செம்புத் தடம் தானாகவே ஆற்றலை உற்பத்தி செய்வதாக விடை வரும். சிமுலேட்டர் அதையும் தயங்காமல் அழகான வரைபடமாகப் போட்டுக் காட்டும். இது இயற்கைக்கு விரோதம் என்று சொல்ல, இரு பக்கமும் தெரிந்த மனிதர் வேண்டும்.

பெரிய நிறுவனங்களுக்கே இது தனியாகத் தூக்க முடியாத சுமை. தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தின் 4 நானோமீட்டர் ரேடியோ அதிர்வெண் தொழில்நுட்பத்துக்காக வடிவமைப்பு மென்பொருள் நிறுவனங்களான சினாப்சிஸ், ஆன்சிஸ், கீசைட் மூன்றும் தங்கள் கருவிகளைக் கோத்து ஒரு பாதையை 2023இல் அறிவித்தன. 2025 ஜூலையில் சினாப்சிஸ் ஆன்சிஸையே வாங்கிவிட்டது. கருவிகள் இணைவது ஒருபுறம் இருக்க, அவை ஒரு சிலர் கைக்குள் போவதும் நடக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் மத்திய அரசின் ‘சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்’ திட்டத்தைப் பார்க்க வேண்டும். 85,000 பொறியாளர்களை உருவாக்குவது இலக்கு. பெங்களூரு சி-டாக்கில் இயங்கும் சிப்-இன் மையம் வழியாக, விலை உயர்ந்த வடிவமைப்பு மென்பொருள்கள் கல்லூரிகளுக்குக் கிடைக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால், லைசென்ஸ் என்பது இன்னொருவர் கையில் இருக்கும் சாவி. 2025 மே மாத இறுதியில் சீனாவுக்கு இந்த மென்பொருள்களை விற்க அமெரிக்கா கட்டுப்பாடு விதித்தது. ஜூலைத் தொடக்கத்தில் விலக்கிக்கொண்டது. சில வாரங்களே நீடித்தாலும், அது எல்லா நாடுகளுக்குமான பாடம்.

மாற்று வழி நம்மிடமே இருக்கிறது. மும்பை ஐஐடியின் ‘ஃபாஸீ’ குழு உருவாக்கிய ‘இசிம்’ என்ற மென்பொருள், கைக்காட், என்ஜிஸ்பைஸ் போன்ற திறந்த மூலக் கருவிகளை இணைத்துக் கட்டப்பட்டது. புதிதாக ஒரு சிமுலேட்டரை எழுதாமல், இருப்பவற்றுக்கு இடையே பாலம் போட்டதே அதன் சிறப்பு. ஆனால், அதன் பலம் சர்க்யூட் கணக்கில்தான். பந்தல் போன்ற சிக்கலுக்கு, ஜெர்மனியில் உருவான ‘ஓப்பன்இஎம்எஸ்’ போன்ற மின்காந்தக் கருவியை அதோடு கோக்க வேண்டும்.

இத்தகைய கோத்தலுக்குத் தேனியோடு தொடர்புள்ள முன்னுதாரணமே உண்டு. பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2022இல் அதை அனுமதிக்க முடியாது என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மலையைக் குடைவது சரியா என்ற விவாதத்தில், அங்கே நிறுவத் திட்டமிட்ட நியூட்ரினோ உணர்வியின் மின்னணுவியல் யார் கவனத்துக்கும் வரவில்லை. 36 லட்சத்துக்கும் மேற்பட்ட சிக்னல் வழிகள்; நானோ நொடிக் கணக்கில் எழுந்து அடங்கும் துடிப்புகள். இவ்வளவு வேகமான துடிப்புக்கு, அதை ஏந்தும் சாதாரண உலோகப் பட்டையும் ரேடியோ அதிர்வெண் தடமாகத்தான் நடந்துகொள்ளும். அங்கே திட்டமிட்டது போன்ற வாயு உணர்விகளைக் கணக்கிடும் விஞ்ஞானிகள் ஹீட், மேக்போல்ட்ஸ், கார்ஃபீல்டு என்று வெவ்வேறு பேர் எழுதிய நிரல்களைக் கோத்துப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சங்கிலியில் மின்புலத்தைக் கணக்கிடும் ‘நெபெம்’ என்ற கண்ணி கொல்கத்தாவின் சாகா அணு இயற்பியல் நிறுவனத்தில் உருவானது. மலைக்குள் ஆய்வகம் வருவதும் வராததும் வேறு விஷயம். இந்த வேலைமுறையைக் கற்க மலை தேவையில்லை.

திறந்த மூலக் கருவிகளை மட்டும் வைத்து இன்று 5ஜி சிப் செய்துவிட முடியுமா என்று கேட்கலாம். கடினம்தான். சிப் ஆலைகள் தங்கள் டிரான்சிஸ்டர் மாதிரிகளைப் பெரும்பாலும் வணிக மென்பொருள்களுக்காகவே தயாரிக்கின்றன. ஆனால், எல்லை வகுப்பதும் பொய்யான விடையைக் கண்டுபிடிப்பதும் இலவசக் கருவியில் கற்றாலும் கோடி ரூபாய்க் கருவியிலும் கைகொடுக்கும்.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, சர்க்யூட்டையும் மின்காந்தவியலையும் தனித்தனித் தாளாக நடத்துவதோடு நிற்காமல், இரண்டையும் இணைத்து வடிவமைத்து, பிசிபி செய்து, அளந்து பார்க்கும் ஆய்வக வகுப்பு வேண்டும். டச்ஸ்டோன் கோப்பில் வரும் அந்த எண்களை அளக்கும் கையடக்க நெட்வொர்க் அனலைசர் இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. போடி அரசு பொறியியல் கல்லூரி மாதிரியான இடங்களுக்கு அது எட்டாத செலவல்ல. இரண்டாவது, மக்கள் வரிப் பணத்தில் நடக்கும் வடிவமைப்புகளின் தரவுகளைத் திறந்த கோப்பு வடிவில் பொதுவில் வைக்க வேண்டும். மூன்றாவது, இசிம் போன்ற முயற்சிகளில் மின்காந்தக் கருவிகளைச் சேர்க்க நிதி ஒதுக்கி, பாடங்களைத் தமிழிலும் தர வேண்டும்.

எத்தனை கல்லூரிகளுக்கு எத்தனை லைசென்ஸ் கொடுத்தோம் என்று கணக்குக் காட்டுவது அரசுக்குச் சுலபம். கணினி கணித்த கோட்டையும் கருவி அளந்த கோட்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டும்படி மாணவர்களைக் கேட்கட்டும். இரண்டும் விலகினால் ஏன் என்று எழுதச் சொல்லட்டும். அந்த விளக்கத்துக்குத்தான் மதிப்பெண் என்றானால், 85,000 என்ற இலக்குக்குப் பொருள் இருக்கும்.