வெற்றுத் தோட்டா பொறுக்குவது பிள்ளை விளையாட்டா?

துப்பாக்கியால் சுட்டதும் ஒரு பித்தளைக் கூடு கீழே விழுகிறதே, அதை என்ன செய்வார்கள்?

நம் நாட்டில் போலீசாரும் பட்டாளத்தாரும் சுடும் பயிற்சி முடிந்ததும் அதை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கேள்வி வரும். உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம்.

அமெரிக்காவில் சங்கதியே வேறு. அங்கே துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் இந்தக் கூடுகளைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். அவற்றைச் சுத்தம் செய்து, புதிய மருந்தும் குண்டும் வைத்து, மறுபடியும் தோட்டா ஆக்கிவிடுகிறார்கள். சொந்த உபயோகத்துக்கு இப்படிச் செய்வதை அந்நாட்டு மத்திய சட்டம் தடுக்கவில்லை. செய்து விற்கத்தான் உரிமம் வேண்டும்.

இந்த வேலையில் எது அபாயம் என்று கேட்டால், "மருந்து போடுவதுதான்" என்று எல்லாரும் சொல்வார்கள். மருந்து போடும்போது மனிதன் தானாகவே பயப்படுகிறான். தராசை இரண்டு தடவை பார்க்கிறான். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பல ஜாதிக் கூடுகள் கலந்து கிடக்கும் வாளியைக் கொட்டி, ஒவ்வொன்றையும் இனம் பிரிக்கும் வேலை! அதற்கு யாரும் பயப்படுவதில்லை. ரேடியோ கேட்டுக்கொண்டே செய்கிறார்கள். சில வீடுகளில் குழந்தைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "நீ பிரி பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

இது மிகவும் தப்பு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

தோட்டாவில் என்ன இருக்கிறது?

தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள். முன்னால் குண்டு. நடுவில் மருந்து. பின்னால், அடிப்பாகத்தில், ஒரு சிறு கேப்பு. தீபாவளிக்குக் குழந்தைகள் துப்பாக்கியில் வைத்துச் சுடும் பொட்டுக் கேப்பின் பெரியண்ணன் அது. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது பித்தளைக் கூடு.

நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இதுதான் தோட்டாப் பித்தளை. சுட்டவுடன் உள்ளே எழும் அழுத்தத்தில் கூடு விரிந்து, குழாயின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். புகை பின்பக்கம் வராமல் அடைக்கும். அடுத்த கணமே கொஞ்சம் சுருங்கி வெளியே வந்துவிடும். இந்த விரிந்து சுருங்கும் குணத்துக்காகத்தான் பித்தளை. குண்டு போய்விட்டது; மருந்து எரிந்துவிட்டது; கேப்பு வெடித்துவிட்டது. கூடு மட்டும் அப்படியே இருக்கிறது. அச்சில் வைத்து அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டு வந்தால் மறுபடியும் உதவும். கைத்துப்பாக்கிக் கூடுகள் பத்துத் தடவைக்கு மேல்கூட உழைக்கும்.

நாலு உறுப்பில் விலை கூடியதும் இந்தக் கூடுதான். அதனால்தான் பொறுக்குகிறார்கள்.

ஒரு வாளி, நூறு ஜாதி

சுடும் திடலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பலர் சுடுவார்கள். ஒவ்வொருவர் கையில் ஒவ்வொரு துப்பாக்கி. எல்லாக் கூடுகளும் ஒரே தரையில் விழும். மாலையில் விளக்குமாறு போட்டுக் கூட்டி வாளியில் அள்ளுவார்கள். அதை எடை போட்டு விற்பதும் உண்டு. வாங்குகிறவனுக்கு ஏக சந்தோஷம், மலிவாகக் கிடைத்ததே என்று.

வீட்டுக்கு வந்து கொட்டிப் பார்த்தால்தான் தெரியும். 9 மில்லிமீட்டர், 40, 45, 380, 223, 308 என்று எல்லாம் கலந்து கிடக்கும். நடுநடுவே பொடிசாக 22 ரகக் கூடுகள். அந்த 22 எதற்கும் உதவாது. அதற்குத் தனிக் கேப்பு கிடையாது. விளிம்புக்குள்ளேயே வெடிப்பொருள் வைத்து மடித்திருப்பார்கள். ஒரு தடவையோடு அதன் ஆயுள் முடிந்தது.

முதலில் சல்லடைத் தட்டில் போட்டு ஆட்டுவார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று தட்டு. மேல்தட்டில் 45 நிற்கும். அடுத்ததில் 40. அதற்கும் கீழே 9 மில்லிமீட்டர். ஐந்து நிமிஷத்தில் வாளி மூன்றாகப் பிரிந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும்.

அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவன்தான் வம்பில் மாட்டுகிறான்.

முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிற நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். பெரிய கல்லால் தொல்லை இல்லை. அது கண்ணில் படும். அரிசி நிறத்தில், அரிசி அளவில் இருக்கிற கல்தான் பல்லை உடைக்கும். தோட்டாக் கூட்டிலும் அதே கதைதான்.

380 என்கிற கூடு 9 மில்லிமீட்டர் கூட்டுக்குத் தம்பி மாதிரி இருக்கும். இது 19 மில்லிமீட்டர் உயரம், அது 17. அடி அகலத்தில் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே இரண்டும் ஒரே சல்லடையில் ஒன்றாக விழுந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ரஷ்யாவின் மக்காரோவ் ரகம் ஒன்று, 18 மில்லிமீட்டர் உயரத்தில்! குட்டைக் கூட்டை நெட்டையானது என்று நினைத்து நிரப்பினால், குண்டு பிடிப்பில்லாமல் நிற்கும். துப்பாக்கிக்குள் ஏறும்போது அது உள்ளே அமுங்கினால், மருந்துக்கு இடம் குறைந்து அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும்.

45 ரகத்தில் வேறு தொல்லை. அமெரிக்கப் பட்டாளம் 1911-ல் ஏற்றுக்கொண்ட பழைய ரகம் அது. அதற்குப் பெரிய கேப்புதான் வழக்கம். அண்மைக் காலத்தில் சில கம்பெனிகள் சிறிய கேப்பு வைத்தும் செய்கின்றன. வெளியே இரண்டும் ஒரே அச்சு. சிறிய குழியில் பெரிய கேப்பை வைத்து இயந்திரத்தால் அழுத்தினால் அது அங்கேயே வெடித்தாலும் வெடிக்கும்.

அடியைத் திருப்பிப் பாருங்கள்!

ஒவ்வொரு கூட்டின் அடியிலும் எழுத்து வெட்டியிருக்கும். அதுதான் அதன் ஜாதகம். யார் செய்தது, என்ன ரகம் என்பதெல்லாம் அதில் இருக்கும். எல்.சி. என்று இருந்தால், மிசவுரி மாநிலத்தில் 1941 முதல் நடக்கும் லேக் சிட்டி ராணுவ ஆலையின் சரக்கு. பக்கத்தில் 12 என்று இருந்தால் 2012-ம் வருஷம் செய்தது. வட்டத்துக்குள் கூட்டல் குறி இருந்தால் நேட்டோ நாடுகளின் முத்திரை.

ராணுவக் கூடு கெட்டி. போரில் கேப்பு கழன்று விழக் கூடாது என்பதற்காக அதைச் சுற்றி இறுக்கி அமுக்கியிருப்பார்கள். அந்த இறுக்கத்தைச் செதுக்கி எடுக்காமல் புதுக் கேப்பு உட்காராது. அது மட்டுமா? 308 ரகத்தில், ராணுவக் கூட்டின் சுவர் கடைக் கூட்டின் சுவரைவிடப் பெரும்பாலும் தடிமன். சுவர் தடித்தால் உள்ளே இடம் குறைவு. ஒரே அளவு மருந்து போட்டாலும் அழுத்தம் கூடும். எனவே ஒரே ரகம் என்று தெரிந்த பிறகும், செய்தவர் பெயர் பார்த்து மறுபடியும் பிரிக்க வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. ஹைரம் பெர்டன் என்று ஓர் அமெரிக்கக் கர்னல். உள்நாட்டுப் போரில் குறி தவறாத வீரர்களுக்குத் தலைவராக இருந்தவர். எட்வர்ட் பாக்சர் என்று ஓர் ஆங்கிலேய அதிகாரி. உல்விச் ராணுவச் சாலைக்காரர். இருவரும் 1866-ல் ஆளுக்கொரு விதமான கேப்புக்கு உரிமை பதிவு செய்தார்கள். பாக்சர் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. பெர்டன் முறையில் ஓரமாக இரண்டு சின்னத் துளை. கடைசியில் அமெரிக்கர்கள் ஆங்கிலேயரின் முறையைப் பிடித்துக்கொண்டார்கள். ஐரோப்பியப் பட்டாளங்கள் பலவும் அமெரிக்கரின் முறையைப் பிடித்துக்கொண்டன! பழைய கேப்பைத் தள்ளும் ஊசி நடுத் துளையில்தான் போகும். பெர்டன் கூட்டில் குத்தினால் ஊசி உடையும். ஆகவே கூட்டுக்குள் எட்டிப் பார்த்துத் துளை எண்ணுவதும் பிரிப்பவர் வேலையே.

எழுத்து பொய் சொல்லும் இடம்

ஜாதகம் இருக்கிறதே, அதை நம்பிப் பிரிக்கலாம் என்றால், அதுவும் ஏமாற்றும். 2011-ல் அங்கீகாரம் பெற்ற 300 பிளாக்அவுட் என்று ஒரு ரகம் இருக்கிறது. 223 கூட்டைக் கழுத்தில் வெட்டிக் குட்டையாக்கியும் அதைச் செய்யலாம். வீட்டிலேயே செய்கிறவர்கள் பலர். அப்படிச் செய்தால் அடியில் 223 என்ற எழுத்து அப்படியே நிற்கும். ஆனால் கூடு இப்போது 223 அல்ல!

நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். 223 கூடு 44.7 மில்லிமீட்டர்; இது 34.7. இரண்டும் ஒரே மேஜையில் கிடந்தால், காலிக் கூடு கலப்பதோடு நிற்காது. நிரப்பிய தோட்டாவும் கலக்கும். 300 தோட்டா, 223 துப்பாக்கிக்குள் போய் உட்கார்ந்துவிடக்கூடியது. அதன் குண்டு பெரிது, குழாய் சிறிது. விசையை இழுத்தால் குண்டுக்கு வழியில்லை. துப்பாக்கியே வெடிக்கும். சுடுபவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்!

நிறத்தைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. வெள்ளி மாதிரி மின்னுவது நிக்கல் பூசிய பித்தளையாக இருக்கலாம், அது உதவும். அலுமினியமாகவும் இருக்கலாம், அதை ஒதுக்க வேண்டும். பித்தளைபோல் மின்னுவது பித்தளை பூசிய இரும்பாக இருக்கலாம். ஒரு காந்தத்தைக் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வீட்டுக்குள் வரும் விஷம்

இனிச் சொல்லப் போவதுதான் தாய்மார்கள் கவனிக்க வேண்டியது.

கேப்பில் இருக்கும் வெடிப்பொருளில் பெரும்பாலும் ஈயம் சேர்ந்திருக்கிறது. சுட்ட பிறகு அந்த ஈயம் கரியாகவும் தூளாகவும் கூட்டுக்குள் ஒட்டிக்கொண்டு இருக்கும். வாளியைக் கொட்டினால் தூசி. சோளத் தக்கைப் பொடியில் போட்டு உருட்டித் துலக்குகிறார்களே, அப்போது அந்தப் பொடி முழுதும் ஈயம் ஏறும். அதைச் சல்லடையில் சலித்தால் காற்றிலும் ஏறும்.

பெரியவர்களுக்கும் இது கெடுதல். குழந்தைகளுக்கோ பெருங்கெடுதல். மூளை வளரும் வயதில் ஈயம் உடம்பில் சேர்ந்தால் படிப்பும் புத்தியும் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பத்திரமான அளவே குழந்தைகளுக்குக் கிடையாது. அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையம் 2021-ல், 100 மில்லி ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று எல்லையைக் குறைத்தது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம்!

குழந்தைக்குக் கை எங்கே போகும்? வாய்க்குத்தான். பளபளக்கும் கூடு கையில் கிடைத்தால் ஊதிப் பார்க்காத பிள்ளை உண்டா? அந்தக் கையில் பிஸ்கட்டையும் கொடுத்து, "அப்பாவுக்கு உதவி செய்" என்று உட்கார வைப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? பிள்ளைக்குப் பொறுப்பு வரட்டும் என்று இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். பொறுப்பு வருவதற்கு வேறு எத்தனையோ வேலை இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் விடச் சொல்லுங்கள்!

சாப்பாட்டு மேஜையில் இந்த வேலை கூடாது. சமையல் அறைத் தொட்டியில் கூடுகளைக் கழுவக் கூடாது. வெளியே காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். அந்தத் துணியைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. செருப்பை வாசலிலேயே விட வேண்டும். உலர்ந்த பொடியில் உருட்டுவதைவிட, தண்ணீரில் போட்டு உருட்டினால் தூசி பறக்காது. அந்த அழுக்குத் தண்ணீரிலும் ஈயம் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

குதிரை லாயமும் பித்தளையும்

துலக்குவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அதைக் கற்றுக் கொடுத்தது நம் நாட்டு மழைக்காலம்!

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் பட்டாளம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், கூடுகளில் விரிசல்! யாரும் தொடவில்லை, சுடவில்லை. பருவத்தோடு வந்ததால் 'பருவ விரிசல்' என்றே பெயர் வைத்தார்கள். காரணம் 1921-ல்தான் விளங்கியது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாதான் குற்றவாளி. அச்சில் அமுக்கிச் செய்த பித்தளைக்குள் ஓர் இறுக்கம் தங்கியிருக்கும். அதன்மேல் அம்மோனியா பட்டால் உலோகம் பிளந்துவிடும்.

பாத்திரம் துலக்க விற்கும் சில பாலிஷ்களில் இன்றும் அம்மோனியா இருக்கிறது. தோட்டாக் கூட்டுக்கு அது ஆகாது. விஷயம் தெரிந்தவர்கள் எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தைக் கொஞ்சமாகத் தண்ணீரில் கலந்து கழுவுகிறார்கள். நாம் பித்தளைக் குடத்துக்குப் புளி போடுகிறோமே, அதே சூட்சுமம்! அமிலம் அளவுக்கு மீறினால் துத்தநாகம் கரைந்து, கூடு இளஞ்சிவப்பாக மாறும்.

துலக்கிய பிறகு கடைசியாக ஒரு தடவை வெளிச்சத்தில் உருட்டிப் பார்க்க வேண்டும். வாயில் பிளவு இருந்தால் தள்ளுபடி. அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் ஓடினால், அங்கே சுவர் மெலிந்துவிட்டது என்று அர்த்தம்; அதுவும் தள்ளுபடி.

தள்ளுபடியானதைத் தனி டப்பாவில் போட்டால் மட்டும் போதாது. டப்பா கவிழும், யாராவது நல்ல மனதோடு அள்ளி மறுபடியும் வாளியிலேயே போட்டுவிடுவார்கள். ஆகையால் அனுபவசாலிகள் குறட்டை எடுத்து, கெட்ட கூட்டின் வாயை அங்கேயே நசுக்கிவிடுகிறார்கள். பிறகுதான் அது பழைய பித்தளை வியாபாரியிடம் போகும். அவரும் வாங்கும்போது ஒரு கேள்வி கேட்பார்: "உயிருள்ள தோட்டா ஏதாவது கலந்திருக்கிறதா?" கலந்த வாளியில் அப்படி ஒன்றிரண்டு இருப்பது அதிசயம் அல்ல. உலையில் போகும் பித்தளையில் அது கிடந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.