'வோங்கா' பாட்டெல்லாம் யார் எழுதினது தெரியுமா? ஒரு பேண்ட் பாடகரின் செகண்ட் இன்னிங்ஸ்!

2023 டிசம்பரில் வந்த 'வோங்கா' படத்தைப் பார்த்திருப்பீங்க. டிமதி ஷாலமே தொப்பியும் கோட்டுமா ஆடிப் பாடுவாரே, அதேதான். உலகம் முழுக்க 60 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்த படம். பாட்டு யாருன்னு கேட்டா, பலருக்கும் ஷாலமே முகம்தான் ஞாபகம் வரும். அந்தப் படத்துக்குப் புதுசா பாட்டு எழுதினவர் நீல் ஹானன். 'தி டிவைன் காமெடி' என்ற பாப் பேண்டின் பாடகர்.

வட அயர்லாந்துக்காரரான ஹானன் 1989-ல் ஆரம்பித்த பேண்ட் அது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கடைசிவரை நிற்பவர் அவர் ஒருவர்தான். 1999-ல் 'நேஷனல் எக்ஸ்பிரஸ்' பாட்டு பிரிட்டன் சார்ட்டில் 8-வது இடம் பிடித்தது. சரி, ஹிட் கொடுத்தாச்சு. அடுத்து என்ன?

எல்லா பேண்டுக்கும் வரும் கேள்வி இது. சார்ட் யாருக்காகவும் காத்திருக்காது. ஸ்ட்ரீமிங்கில் வரும் காசு, பெரிய ஸ்டார்களைத் தவிர மற்றவர்களுக்குக் கைச்செலவுக்கே பத்தாது. ஊர் ஊராக டூர் போக உடம்பும் ஒத்துழைக்கணும். அப்போ பாட்டு எழுதத் தெரிந்தவர் அந்தத் திறமையை எங்கே கொண்டுபோவார்?

விதை எப்போதோ போட்டது

ஹானன் திடீர்னு சினிமாவுக்கு வரலை. 1995-ல் தொடங்கிய 'ஃபாதர் டெட்' டி.வி காமெடி தொடரின் தீம் மியூசிக் இவருடையது. 2010-ல் பிரிஸ்டல் ஓல்ட் விக் தியேட்டரில் அரங்கேறிய 'ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்' மியூசிக்கல் நாடகத்துக்குப் பாடல்கள் எழுதினார். குழந்தைகள் படகில் போகும் சாகசக் கதை. பிறகு அது லண்டன் வெஸ்ட் எண்டுக்கும் போனது.

இன்னொரு சுவாரஸ்யம். 'வோங்கா'வின் பின்னணி இசை ஜோபி டால்பாட். 90-களில் ஹானனோடு இதே பேண்டில் இருந்தவர். அப்போதே ஆர்க்கெஸ்ட்ராவைப் பாப் பாட்டுக்குள் கொண்டுவந்த பேண்ட் அது. பழைய கூட்டாளிகள் இருவரும் பல வருஷம் கழித்து ஒரே படத்தில்!

பாட்டோட வேலையே வேற

ஆல்பத்தில் பாட்டு உங்க மனசைச் சொன்னா போதும். நாடகத்திலும் சினிமாவிலும் அது கதையை ஒரு அடி நகர்த்தணும். 'வோங்கா'வின் முதல் பாட்டைத் திரும்பப் பாருங்க. கையில் 12 வெள்ளிக் காசோட ஹீரோ ஊருக்குள் வருகிறார். பாடிக்கிட்டே இருக்கும்போது காசு ஒவ்வொன்றாகக் கரைகிறது. பாட்டு முடியும்போது பாக்கெட் காலி. ஆள் யார், ஊர் எப்படி, பிரச்னை என்ன, எல்லாமே சில நிமிஷத்தில் நமக்குப் புரிந்துவிடுகிறது.

பாடகர் தன் ஈகோவைக் கழற்றி வைக்கும் இடமும் இதுதான். பாடப்போவது வேறொருவர். அவர் குரலுக்கும் கேரக்டருக்கும் பொருந்தணும். டைரக்டர் வேண்டாம்னு சொன்னா, நல்ல வரியும் போகும். போதாக்குறைக்கு, 1971 படத்தின் புகழ்பெற்ற பாட்டுகளும் இதே படத்தில் இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் புதுப் பாட்டு நிற்கணும்.

இது இறக்கமா, ஏற்றமா?

மேடை நடுவில் நின்றவர் திரைக்குப் பின்னால் போவதை 'மார்க்கெட் போச்சு'ன்னு சுலபமா சொல்லிடுவோம். ஆனா ஹானன் பேண்டை மூடவில்லை. 2025 செப்டம்பரில் 'ரெய்னி சண்டே ஆஃப்டர்நூன்' ஆல்பம் வந்தது. மறதி நோயோடு வாழ்ந்த தன் அப்பாவைப் பற்றியும் அதில் பாடியிருக்கிறார். சாக்லேட் ஃபேக்டரி கதையில் அந்தத் துக்கத்துக்கு இடமில்லை. அதற்குச் சொந்த மேடை வேணும்.

ஒன்று அடுத்தவர் கதைக்கு, இன்னொன்று தன் கதைக்கு. இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியும்னு ஹானன் காட்டுகிறார். ஆனா பேண்ட் வெச்சிருக்கும் எல்லாருக்கும் இப்படி வாய்ப்பு அமையாது. டி.வி, நாடகம், பிறகு சினிமான்னு அவருக்கே பல வருஷம் ஆகியிருக்கு. நீங்க பேண்ட் வெச்சிருந்தா, ஃப்ரெண்டோட குறும்படத்துக்கோ காலேஜ் நாடகத்துக்கோ பாட்டு கேட்டு வந்தா, சின்ன வேலைன்னு தள்ளிடாதீங்க. ஹானனின் சினிமா வழி ஒரு டி.வி காமெடி தீமில்தான் தொடங்கியது.