வில்லியனூர் பிளாட்பாரம்

போன திங்கட்கிழமை காலை வில்லியனூர் ஸ்டேஷனில் விழுப்புரத்திலிருந்து புதுவை போகும் பாசஞ்சருக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா. கூடை நிறைய கனகாம்பரம், மேலே ஈரத்துணி. “பஸ்ல கூடைய ஏத்தவே யோசிக்கிறாங்க தம்பி. ஏத்தினாலும் நசுங்கிப் போவுது. ரயில்ல வச்சா பெரிய மார்க்கெட் போற வரைக்கும் பூ அப்படியே இருக்கும்” என்றபடி துணியில் தண்ணீர் தெளித்தார். வண்டி வந்து நின்றதும், உள்ளேயிருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி குனிந்து கூடையை வாங்கிக் கதவோரம் வைத்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. தினமும் நடப்பதுதான் போலிருக்கிறது.

அங்கிருந்து புதுவை சுமார் பத்து கிலோமீட்டர். நடுவில் ஒரு நிறுத்தம்கூடக் கிடையாது. இந்த வண்டியை விட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் பெரும்பாலானோர் ஸ்டேஷன் பக்கமே வருவதில்லை. சாலை வழியே போனாலோ, அரும்பார்த்தபுரம், மூலகுளம், ரெட்டியார்பாளையம் என்று ஊர்ந்து இந்திரா காந்தி சிலையைத் தாண்டுவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. காலை ஒன்பது மணிக்கு அந்தச் சாலையில் சிக்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த ரயில் பாதை தொடங்கியது தனியார் கம்பெனியால். பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனி போட்ட மீட்டர் கேஜ் தடம் 1879-ல் திறந்தது. வண்டிகளை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. அவர்கள் கண் துறைமுகத்தின் மேல் இருந்தது. மல்லாட்டை மூட்டை மூட்டையாகப் பிரான்சுக்குக் கப்பலேறிய காலம் அது. பிரெஞ்சு எல்லையைத் தாண்டும் பயணிக்கு சுங்கச் சோதனை வேறு. தினமும் வேலைக்குப் போய்த் திரும்புகிறவனை அன்றைக்கு யாரும் கணக்கில் வைக்கவில்லை.

ஜப்பானிலும் தனியார் கம்பெனிகள் தடம் போட்டன. ஆனால் ஒசாகாவில் 1910-ல் தொடங்கிய பாதையை, இன்றைய ஹான்கியூவை, நடத்திய கோபயாஷி இச்சிஸோ தினசரிப் பயணியை நம்பியே தொழில் செய்தார். இகேதா ஸ்டேஷன் பக்கத்தில் மனை பிரித்து, வீடு கட்டி, தவணையில் விற்றார். அங்கே குடிவந்தவர்கள் காலையில் அவர் வண்டியில்தான் வேலைக்குப் போனார்கள். அடிக்கடி வண்டி விட்டதால் ஊர் வளர்ந்தது. ஊர் வளர்ந்ததால் இன்னும் வண்டி விட்டார்கள்.

வில்லியனூரில் ஊர் தானாகவே வளர்ந்துவிட்டது. திருக்காமீஸ்வரர் கோயிலும் மாதா கோயிலும் மட்டும் தெரிந்த ஊரைச் சுற்றி இன்று நகர் நகராக வீடுகள். வண்டிதான் வரவில்லை. புதுவையிலிருந்து ஹவுராவுக்கு ரயில் இருக்கிறது, டெல்லிக்கு இருக்கிறது, மங்களூருக்கும் கன்னியாகுமரிக்கும் இருக்கிறது. அவை வேண்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வளவனூரிலிருந்தும் சின்னபாபுசமுத்திரத்திலிருந்தும் வருகிறவர், ஆபீஸ் நேரத்துக்கு வந்து இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடிய வேண்டாமா? 1954 நவம்பர் 1-ஆம் தேதியோடு பிரெஞ்சு ஆட்சி போய், எல்லைச் சோதனையும் போய்விட்டது. வண்டி நேரம் போடுகிறவர்கள் மனதில் மட்டும் தினசரிப் பயணி இன்னும் ஏறவில்லை.

புதுவை ஸ்டேஷன் இருப்பது சுப்பையா சாலையில். மில் தொழிலாளர்களின் எட்டு மணி நேர வேலைக்காக 1936-ல் போராடிய வ. சுப்பையாவின் பெயர் அது. பாடுபடுகிறவனின் நேரத்துக்கு மதிப்புண்டு என்று அன்றைக்கே நிலைநாட்டிய ஊர் இது. சாலையில் தினம் இரண்டு மணி நேரத்தைத் தொலைப்பவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான்.

ஒரு நியாயமான தடை உண்டு. தடம் ஒற்றைத் தடம். வண்டி கூடக் கூட, முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. மில் ரயில்வே கேட் அடிக்கடி சாத்தப்படும். மில் 2020-ல் மூடப்பட்டாலும் கேட் இன்னும் அதன் பெயரில்தான் இருக்கிறது. கடலூர் சாலை முழுவதும் அங்கே தேங்கி நிற்கிறது. மேம்பாலம் இல்லாமல் கூடுதல் வண்டி கேட்பது அந்தப் பக்கத்து மக்களுக்குச் செய்யும் துரோகம். எனவே முதலில் அந்தப் பாலம். அப்புறம் காலையிலும் மாலையிலும் விழுப்புரம்–புதுவை மெமு வண்டிகள் நான்கைந்து. அரும்பார்த்தபுரம் பக்கம் ஒரு சின்ன நிறுத்தம்.

கூட்டம் இல்லை என்ற பதில் ரயில்வேயிடமிருந்து வரக்கூடும். வில்லியனூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இருக்கிற வண்டி உங்கள் நேரத்துக்கு ஒத்துவந்தால் சீசன் டிக்கெட் எடுத்து அதில் ஏறுங்கள். டிக்கெட் எடுத்தவர் மட்டும்தான் ரயில்வே கணக்கில் வருவார்.