பொலேரோ ஒரு நோய்க்குறி அன்று

சென்ற வாரம் எங்கள் துறையில், அஃபேசியா எனப்படும் மொழியிழப்பைப் பற்றிய கருத்தரங்கு ஒன்று நடைபெற்றது. மூளை பாதிப்புற்றோர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் நிலையை விளக்க வந்தவர், எடுத்துக்காட்டாக மோரிஸ் ராவேலின் 'பொலேரோ'விலிருந்து இரண்டு நிமிடங்களை ஒலிக்கவிட்டார். அவையில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். அன்றிரவு முழுப் படைப்பையும் தொடக்கத்திலிருந்து கேட்டபோது, அந்தச் சிரிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. இப்பதிவு அதற்காகவே.

முதலில், ஐயத்திற்கு இடமில்லாத செய்திகள். 1875-இல் பிரான்சின் பாஸ்க் பகுதியிலுள்ள சிபூர் என்னும் ஊரில் பிறந்த ராவேல், வாழ்வின் இறுதி ஆண்டுகளில் எழுத்தையும் பேச்சையும் படிப்படியாக இழந்தார். தேர்ந்த நீச்சல்காரரான அவருக்கு 1933-இல் கடலில் கைகால்களை இயக்கத் தெரியாமற் போயிற்று. சில வரிக் கடிதம் ஒன்றை அகராதியின் துணையோடு எழுதி முடிக்கப் பல நாட்கள் பிடித்தன. 1937 டிசம்பரில் மருத்துவர் குளோவிஸ் வென்சான் மூளையில் கட்டி இருக்கலாம் என்று கருதி அறுவை செய்தார். கட்டி எதுவும் இல்லை. அம்மாதம் 28-ஆம் நாள் ராவேல் இறந்தார். இறந்தபின் மூளை ஆய்வு செய்யப்படவில்லை. ஆகவே அவருக்கு வந்த நோய் இன்னதென்று உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது.

இந்த வெற்றிடத்தில்தான் ஊகங்கள் முளைத்தன. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது, 1928-இல் எழுதப்பட்ட பொலேரோவின் இடையறாத திரும்புகையே நோயின் முதல் வெளிப்பாடு என்னும் கருத்து. கனடாவைச் சேர்ந்த ஆன் ஆடம்ஸ் என்னும் அறிவியலாளர் 1994-இல் பொலேரோவை ஓவியமாகத் தீட்டியதும், பின்னர் அவருக்கே படிப்படியாக முற்றும் மொழியிழப்பு நோய் கண்டறியப்பட்டதும் இக்கருத்துக்கு ஒரு கதையின் கவர்ச்சியைக் கொடுத்தன. ஆனால் ஓர் ஓவியர் ஒரு படைப்பின்பால் ஈர்க்கப்பட்டதற்கான காரணம், அந்தப் படைப்பு பிறந்ததற்கான காரணம் ஆகிவிடாது.

படைப்பு பிறந்த சூழலைப் பார்ப்போம். நடனக் கலைஞர் இடா ரூபின்ஸ்டைன் தமது குழுவுக்காக, அல்பேனிஸின் 'இபேரியா'விலிருந்து சில பகுதிகளை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஏற்ப அமைத்துத் தருமாறு ராவேலைக் கேட்டிருந்தார். அதற்கான உரிமை வேறொருவரிடம் இருப்பது தெரியவந்ததும், ராவேல் தாமே புதிதாக ஒன்றை எழுத முனைந்தார். வளர்ச்சியோ மாறுபாடோ இல்லாத ஒரு மெட்டை இசைக்கருவிகளின் சேர்க்கையால் மட்டும் உயர்த்திச் செல்வது என்பது அவர் முன்கூட்டியே வகுத்த திட்டம். அதை ஒரு சோதனை முயற்சி என்று அவரே வெளிப்படையாகக் கூறினார். பொறியாளரின் மகனான அவருக்கு இயந்திரங்களின்மேல் இருந்த காதலும் ஊரறிந்தது. அதே ஆண்டின் தொடக்க மாதங்களில் அவர் வட அமெரிக்கா முழுவதும் பயணம் செய்து இசை நிகழ்ச்சிகள் நடத்தித் திரும்பியிருந்தார்.

அதன் பின்னும் அவர் ஓயவில்லை. இரண்டு பியானோ கன்செர்ட்டோக்களை ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுதினார். 1932 ஜனவரியில் ஒன்று வியன்னாவிலும் மற்றொன்று பாரிஸிலும் அரங்கேறின. இரண்டும் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. பொலேரோவையும் ஒத்தவை அல்ல. நோய் ஒரு படைப்பில் தோன்றி, அடுத்த இரண்டில் மறைந்து, பிறகு மீண்டும் வந்ததா? இவற்றுள் இடக்கைக்கு மட்டுமான கன்செர்ட்டோவையும் மூளையின் வலப்பாதி மேலோங்கியதன் விளைவாகக் காண முற்பட்டோர் உண்டு. அது இடக்கைக்காக எழுதப்பட்டதன் காரணம் எளியது: அதைக் கேட்டுப் பெற்ற பியானோ கலைஞர் பால் விட்கன்ஸ்டைன் முதல் உலகப் போரில் வலக்கையை இழந்திருந்தார். மெய்யியலாளர் லுட்விக்கின் அண்ணன் அவர். இழந்த கை கண்முன் இருக்க, காணாத மூளையைத் தேடுவானேன்?

இனி நம் துறைக்குள் வருவோம். மருத்துவ மொழியியலில் பெர்செவரேஷன் என்று நாம் வழங்குவது எதை? சாவியைக் காட்டினால் 'சாவி' என்று சொல்பவர், அடுத்துச் சீப்பைக் காட்டினாலும் 'சாவி' என்றே சொல்கிறார். மாற வேண்டிய இடத்தில் அவரால் மாற முடிவதில்லை. பொலேரோவில் நடப்பது இதற்கு நேர்மாறானது. மெட்டு நிலையாக நிற்கிறது. அதைச் சொல்லும் குரல் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. முதலில் புல்லாங்குழல், அடுத்துக் கிளாரினெட், அதன்பின் பஸூன். ஓரிடத்தில் ஹார்ன் மெட்டை இசைக்க, பிக்கலோக்களும் செலஸ்டாவும் வெவ்வேறு சுரநிலைகளில் அதனுடன் இணைந்து, எந்தத் தனிக்கருவிக்கும் இல்லாத புதியதொரு ஒலிவண்ணத்தை உண்டாக்குகின்றன. ஏறக்குறைய கால் மணி நேரம் ஒரே சுருதித் தளத்தில் நின்ற இசை, முடிவுக்குச் சற்று முன் சட்டென்று வேறொரு தளத்திற்குத் தாவிப் பின் மீள்கிறது. அந்தத் தாவலுக்காகவே முழுப் படைப்பும் காத்திருந்தது என்பது அப்போதுதான் புலனாகிறது.

மொழியிழப்பை ஆராய்ந்த ரோமன் யாகப்சன், மொழிச் செயல்பாட்டைத் தேர்வு, இணைப்பு என இரண்டாகப் பகுத்தார். பொலேரோவில் இணைப்பின் வரிசை ஏறத்தாழ மாறாதது. கலை முழுவதும் தேர்வில் இருக்கிறது. ராவேலை ஆராய்ந்த மருத்துவர் அவரிடம் கண்டது வெர்னிக்கெ வகை மொழியிழப்பு. யாகப்சனின் பகுப்பில் அவ்வகை பெரிதும் தேர்வைச் சார்ந்த குறைபாடு. எந்தத் திறன் பிற்காலத்தில் சிதைந்ததோ, அதற்கு இணையான திறன் உச்சத்தில் இருந்ததற்கே பொலேரோ சான்று பகர்கிறது எனலாம். இது ஒப்புமையே, நிரூபணம் அன்று. ஆயினும் அவையில் நாம் சிரித்த ஒப்புமையை விட இது படைப்புக்கு நெருக்கமானது.

ராவேலை நேரில் ஆராய்ந்த அந்த மருத்துவர் தியோஃபில் அலாஜுவானின். 1948-இல் அவர் வெளியிட்ட கட்டுரையை நாம் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ராவேலால் சுரங்களின் பெயரைச் சொல்வது அரிதாயிற்று. இசைக்குறிகளைப் பார்த்து வாசிப்பது ஏறத்தாழ இயலாமற் போயிற்று. ஆனால் தம் படைப்பை மற்றவர் வாசிக்கையில் நேர்ந்த சிறு பிழையையும் அவர் உடனே கண்டுகொண்டார். பியானோவின் சுருதி விலகலும் அவர் செவிக்குத் தப்பவில்லை. நினைவும் சுவையுணர்வும் சிதையவில்லை. அவர் அறிந்திருந்தார்; அறிந்ததைப் பெயரிடவும் எழுதவும் இயலவில்லை. நம் சோதனைத் தாள்களில் பெயரிட முடியாதவருக்குச் சுழியம் இடுகிறோம். அந்தச் சுழியம் எதை அளக்கிறது என்று ஒருமுறையேனும் கேட்டிருக்கிறோமா?

ராவேலுக்கு நேர்ந்தது எல்லோருக்கும் நேர்வதில்லை. சோவியத் இசையமைப்பாளர் ஷெபாலின் பக்கவாதத்தால் கடும் மொழியிழப்புக்கு ஆளானபின்னும் தமது ஐந்தாம் சிம்ஃபனியை எழுதி முடித்தார். லூரியாவும் அவருடன் பணியாற்றியோரும் அதைப் பதிவு செய்துள்ளனர். மொழி, இசை, எழுத்து ஆகியவை ஒருவரிடம் சேர்ந்து விழுகின்றன. மற்றொருவரிடம் பிரிந்து நிற்கின்றன. பெயர் பெற்ற ஒருவரின் ஒரு படைப்பைக் கொண்டு பொதுவிதி வகுப்பது எவ்வளவு இடர்மிக்கது என்பதற்கு இதுவே போதும்.

நோயின் தடத்தைத் தேடுவோர்க்கு ஓர் இடம் உண்டு; அது பொலேரோவில் இல்லை. தோன் கிஹோத்தேயைப் பற்றிய மூன்று பாடல்களோடு அவருடைய எழுத்து நின்றுவிட்டது. ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றி ஓர் ஆப்பெரா எழுத அவர் விரும்பியிருந்தார். அது மனத்துள் ஒலித்தது, தாளுக்கு வரவில்லை. எழுதப்படாத அந்தத் தாள்களே நோயின் உண்மையான ஆவணம். அவற்றை ஒலிக்கவிட்டு விளக்க முடியாது என்பதால், எழுதப்பட்டதன்மேல் நோயை ஏற்றிச் சொல்கிறோம்.

அடுத்த கருத்தரங்கில் பொலேரோவை மீண்டும் ஒலிக்கவிடலாம். முழுவதையும் ஒலிக்கவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.