இலைக்கு உரிமம், பூவுக்குச் சிறை

போதைப் பொருளை அனுமதிப்பதா, தடை செய்வதா என்று பட்டிமன்றம் நடக்கிறது. நோயாளி யார், குற்றவாளி யார் என்பதையோ தராசு முடிவு செய்துகொண்டிருக்கிறது.

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் கோட்டை வாசலுக்கு அருகே ஒரு கடை. அரசு அங்கீகாரம் பெற்றது என்று பெயர்ப் பலகையிலேயே எழுதியிருக்கிறார்கள். பாங் கலந்த லஸ்ஸி கிடைக்கும், பிஸ்கெட் கிடைக்கும். வெளிநாட்டுப் பயணிகள் கடை முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வாராணசியிலும் உரிமம் பெற்ற பாங் கடைகள் உண்டு. சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் பாங் அரைத்துக் குடிப்பது வட இந்தியாவில் பாட்டன் காலத்துப் பழக்கம். போலீஸ்காரர் அந்தக் கடையைத் தாண்டிப் போனால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் அதே செடியின் பூத்த நுனியைக் காயவைத்து ஒரு பொட்டலம் சட்டைப்பையில் வைத்திருப்பவர் அவரிடம் சிக்கினால், ஓராண்டு வரை சிறை.

ஒரே செடிக்கு இரண்டு நீதி எப்படி வந்தது? 1985-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய போதைப் பொருள் தடுப்புச் சட்டம், செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளைத்தான் கஞ்சா என்கிறது. பிசினிலிருந்து எடுக்கும் சரஸும் தடைக்குள் வருகிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் வரவில்லை. இந்த விளக்கம் இந்தியாவின் சொந்தச் சரக்கல்ல. 1961-ல் ஐ.நா. ஆதரவில் உருவான சர்வதேச உடன்படிக்கையிலும் கஞ்சாவுக்கு இதே விளக்கம்தான். மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் அல்லாத கஞ்சாப் பழக்கத்தை ஒழிக்க அந்த உடன்படிக்கை 25 ஆண்டு அவகாசம் கொடுத்தது. கெடு முடிய நான்கு ஆண்டுகள் இருந்தபோது ராஜீவ் காந்தி அரசு சட்டத்தைக் கொண்டுவந்தது. பாங் தப்பித்தது. கஞ்சாவும் சரஸும் ஹெராயினோடு ஒரே கூண்டில் நிறுத்தப்பட்டன.

அதற்கு முன்பு இவை அரசுக்கு வருமானம் தந்த சரக்குகள். அபின் மீதும் கஞ்சா மீதும் தீர்வை விதிக்கும் அதிகாரம் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இன்றும் எழுதப்பட்டிருக்கிறது. அதே அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு, உடல்நலத்தைக் கெடுக்கும் மதுவையும் போதைப் பொருள்களையும் தடை செய்ய அரசு முயல வேண்டும் என்கிறது. ஒரு கை வரி வசூலிக்க, மறு கை தடுக்க என்ற இந்த இரட்டை மனம் இந்தியாவுக்குப் புதிதல்ல.

பிரிட்டிஷ் ஆட்சியும் இதே குழப்பத்தில் தவித்தது. இந்தியாவில் கஞ்சா மக்களைப் பைத்தியமாக்குகிறது என்ற புகார் லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்தது. அதை விசாரிக்க 1893-ல் ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. ஏழு உறுப்பினர்களில் மூவர் இந்தியர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1894-ல் அது தந்த அறிக்கை பல தொகுதிகள் கொண்டது. மனநல விடுதிகளின் பதிவேடுகளையும் கமிஷன் துருவியது. நோய்க்குக் காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாமல் பல இடங்களில் கஞ்சா என்று எழுதிவைத்திருந்தது தெரியவந்தது. ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததில், கஞ்சாவின் மீது பழி போட்ட வழக்குகளில் பாதிக்கும் மேல் ஆதாரமில்லாமல் உதிர்ந்தன. மிதமான உபயோகம் பெரிய தீங்கு செய்வதில்லை, அளவு மீறினால் கெடுதல் என்று சொன்ன கமிஷன், முழுத் தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்று பரிந்துரைத்தது. இந்திய உறுப்பினர்களில் இருவருக்கு அதில் உடன்பாடில்லை.

நூற்றாண்டுக்கு முந்தைய அறிக்கையை வைத்து இன்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இளம் வயதில் தொடர்ந்து கஞ்சா புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்களின் அபாயம் கூடுகிறது என்பதற்கு இன்று மருத்துவச் சான்றுகள் உண்டு. ஆனால் அந்தக் கமிஷன் செய்த ஒரு காரியம் இன்றும் பாடம்தான். பயத்தை நம்பாமல் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தது.

1985-ன் சட்டம் அப்படிப் பார்க்க நேரம் ஒதுக்கவில்லை. சொந்த உபயோகத்துக்கான சிறிய அளவு என்று நிரூபிக்க முடியாதவருக்கு, ஹெராயினாக இருந்தாலும் சரஸாக இருந்தாலும், குறைந்தது பத்தாண்டு சிறை என்றது. 1989-ல் சில குற்றங்களை இரண்டாம் முறை செய்தால் கட்டாய மரண தண்டனை என்று சேர்த்தார்கள். அதன் கட்டாயத் தன்மையை 2011-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2014-ல் நாடாளுமன்றமும் திருத்தியது. இதற்கிடையே, 2001-ல்தான் அளவுக்குத் தக்க தண்டனை என்ற நியாயம் சட்டத்துக்குள் வந்தது. அப்போதுதான் தராசும் வந்தது.

கணக்கு இதுதான். ஹெராயின் 5 கிராம் வரை இருந்தால் சிறிய அளவு, ஓராண்டு வரை சிறை. 250 கிராமைத் தாண்டினால் வணிக அளவு, பத்து முதல் இருபது ஆண்டு. இடைப்பட்டதற்குப் பத்தாண்டு வரை. சிறிய அளவோடு பிடிபட்டவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விடுபட 64ஏ என்ற பிரிவு வழி விடுகிறது. சட்டத்தில் கருணை கசியும் இடம் இது.

ஆனால் 5 கிராம் என்றால் எது? தூய ஹெராயினா, பொட்டலத்தில் இருக்கும் மொத்தத் தூளா? பல ஆண்டு இழுபறிக்குப் பின், கலப்படத்தையும் சேர்த்து மொத்த எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போதைப் பொருள் எப்போதும் கலப்படமாகவே சந்தைக்கு வருகிறது, தூய்மையைப் பார்த்தால் வியாபாரிகள் தப்பிவிடுவார்கள் என்பது இதன் தர்க்கம். வியாபாரி விஷயத்தில் அது சரிதான். தெருமுனையில் பொட்டலம் வாங்குபவர் விஷயத்தில் என்ன ஆகும்? மலிவான தூளில்தான் கலப்படம் அதிகம். கையில் காசு குறைவாக உள்ளவர், குறைந்த போதைக்கு அதிக எடையைச் சுமக்கிறார். தூள் 6 கிராம் என்று தராசு காட்டினால், அவர் 64ஏ பிரிவின் வாசலுக்கு வெளியே நிற்கிறார். அந்த ஆறில் ஐந்து பங்கு வேறு ஏதோ பொடியாகவே இருக்கலாம். மருத்துவமனைக்குப் போக வேண்டியவரை அந்தப் பொடி சிறைக்கு அனுப்புகிறது.

மறுபக்கத்தில், 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு கண்டெய்னர்களில் ஏறக்குறைய 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. முகப்பவுடர் கல் என்ற பெயரில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சரக்கு. சட்டத்தின் முழுப் பலமும் பாய வேண்டிய இடம் அது. ஆனால் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2018 புள்ளிவிவரத்தைப் பார்த்தால், இந்தச் சட்டத்தின் கீழ் பதிவானவற்றில் பாதிக்கும் மேல் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததற்கான வழக்குகள். முந்த்ராவில் சரக்குப் பிடிபட்ட அடுத்த மாதமே நாட்டின் கவனம் மும்பைக் கப்பல் ஒன்றுக்குத் திரும்பியது. நடிகர் ஷாருக் கானின் மகன் கைதாகி நான்கு வாரம் போல உள்ளே இருந்தார். அவரிடம் போதைப் பொருள் எதுவும் கைப்பற்றப்படவில்லை. போதிய ஆதாரம் இல்லை என்று 2022 மே மாதத்தில் புலனாய்வுத் துறையே அவரை விட்டுவிட்டது. பெரிய வக்கீல்கள் இருந்தும் அத்தனை நாள். வக்கீல் வைக்க வழியில்லாதவருக்கு எத்தனை நாள்?

தடை இருந்தும் பழக்கம் குறைந்ததா? எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. ஓராண்டில் பாங், கஞ்சா, சரஸ் இவற்றில் ஏதாவது ஒன்றை உபயோகித்தவர்கள் சுமார் 3.1 கோடி. அபின் வகைகளை உபயோகித்தவர்கள் சுமார் 2.26 கோடி. இந்த இரண்டாவது பட்டியலுக்குள் ஒரு சேதி ஒளிந்திருக்கிறது. பழைய அபினை உபயோகிப்போர் மக்கள்தொகையில் 0.52 சதவிகிதம். ஹெராயினை உபயோகிப்போர் 1.14 சதவிகிதம். மெதுவான போதை பின்வாங்க, கொல்லும் போதை முன்னே வந்துவிட்டது.

இதைத்தான் பஞ்சாபின் பாட்டியாலா எம்.பி. டாக்டர் தரம்வீர காந்தி வாதமாக வைத்தார். இதய மருத்துவரான அவர், அபினையும் கசகசாத் தோட்டையும் அறுத்துவிட்டதால்தான் கிராமத்து இளைஞர்கள் ‘சிட்டா’ என்ற ஹெராயின் கலவையிடம் போனார்கள் என்று சொல்லி, சட்டத்தைத் தளர்த்த 2016-ல் தனிநபர் மசோதாவுக்கு முயன்றார். மசோதா நகரவில்லை. வாதம் நிற்கிறது.

எதிர்வாதமும் லேசானதல்ல. சட்டப்படி விற்றால் தீங்கு அடங்கிவிடும் என்பவர்கள் மதுவைப் பார்க்க வேண்டும். அதே ஆய்வின்படி மது அருந்துவோர் 16 கோடி. தமிழகத்தில் 2003 முதல் சில்லறை மதுக் கடைகளை அரசு நிறுவனமே நடத்துகிறது. அந்த வருமானம் இல்லாமல் பட்ஜெட் போடும் துணிச்சல் எந்தக் கட்சிக்கும் வரவில்லை. விற்பவர் அரசு என்றால் குடியைக் குறைக்கச் சொல்பவர் யார்? மறுபுறம், 2016-ல் முழு மதுவிலக்குக் கொண்டுவந்த பீகாரில் 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் கள்ளச் சாராயம் குடித்து 40க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இரண்டு பாதைகளிலும் பிணங்கள் கிடக்கின்றன.

வெளிநாடுகளும் ஒரே விடை சொல்லவில்லை. தாய்லாந்து 2022-ல் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. கட்டுப்படுத்தும் சட்டம் இல்லாமல் தெருவெங்கும் கடைகள் முளைத்தன. 2025-ல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று பின்வாங்கியது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் எல்லாப் போதைப் பொருள்களையும் சிறு அளவில் வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கி, 2024-ல் மீண்டும் குற்றமாக்கியது. சிகிச்சை வசதி வந்து சேர்வதற்குள் தண்டனையை எடுத்துவிட்டதே அங்கே பெரிய குறையாகச் சொல்லப்பட்டது. போர்ச்சுகல் 2001-ல் வேறு வழியில் போனது. பத்து நாள் தேவைக்கு மேற்படாமல் வைத்திருப்பவர் கோர்ட்டுக்குப் போவதில்லை. மருத்துவம், சமூகப்பணி, சட்டம் தெரிந்தவர்கள் அடங்கிய குழுவின் முன் போகிறார். வியாபாரம் அங்கே இன்றும் குற்றம்தான். கூடவே சிகிச்சையை விரிவாக்கினார்கள்.

இந்தியாவுக்கு இதில் ஒரு பாதை தெரிகிறது. 2021-ல் சமூக நீதி அமைச்சகம், சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவு வைத்திருப்பவரைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று பரிந்துரைத்ததாகச் செய்தி வந்தது. அந்தப் பரிந்துரை சட்டமாகவில்லை. அதற்கு ஹெராயின் கடை திறக்க வேண்டியதில்லை. கடத்தல்காரனுக்கு இரக்கம் காட்ட வேண்டியதில்லை. வைத்திருப்பவர் விற்பவரா, அடிமைப்பட்டவரா என்பதைத் தராசோடு நிறுத்தாமல் நீதிபதியும் மருத்துவரும் பார்த்து முடிவு செய்ய இடம் தர வேண்டும். அடிமைப்பட்டவர் என்றால் அனுப்புவதற்கு மருத்துவமனை இருக்க வேண்டும். போதைப் பொருளுக்கு அடிமையானவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான் உள்நோயாளியாகச் சிகிச்சை கிடைத்திருக்கிறது என்கிறது எய்ம்ஸ் ஆய்வு.

மீதிப் பத்தொன்பது பேரும் ஜெய்சல்மேர் கடைக்குப் போகிறவர்கள் அல்லர். முந்த்ரா கண்டெய்னருக்குச் சொந்தக்காரர்களும் அல்லர். அனுமதியா, தடையா என்று வாதாடுகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது அவர்களுக்கு.