உறை மோரும் நாட்டுக் கோழியும்

கூடுவாஞ்சேரிக் கடைத்தெருவில் கோழி வாங்கச் செல்லும் நேயர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டிருக்கலாம். வெள்ளை இறகுள்ள பிராய்லருக்கு ஒரு விலை. சிவப்பும் கறுப்புமாக நிற்கும் கோழிக்கு அதைவிட அதிக விலை. பின்னதற்கு 'நாட்டுக் கோழி' என்று பெயர். நிறத்தைப் பார்த்து ஜாதியை நிர்ணயிக்கும் நம்மவர் வழக்கம் மனிதர்களோடு நின்றுவிடவில்லை போலும்!

உண்மையில் அவற்றுள் பல கலப்பினக் கோழிகளே. கலப்பினம் என்று சொல்லி விற்றால் அதில் ஒரு தோஷமும் இல்லை. அசல் நாட்டுக் கோழி ஒன்றரைக் கிலோ நிறைவதற்கு ஐந்தாறு மாதம் பிடிக்கிறது. பிராய்லரோ ஆறே வாரத்தில் இரண்டு கிலோவை எட்டிவிடுகிறது. ஆனால் கொட்டகையை விட்டு வெளியே வந்தால் நமது கோடை வெயிலையும் பருந்தையும் அதனால் சமாளிக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோழி வேண்டுமென்றே ஆராய்ச்சியாளர்கள் கலப்பில் இறங்கினார்கள். இஸத்நகர் மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையத்தார் அசீல் இனத்தையும் 'காரி ரெட்' இனத்தையும் இணைத்து 'நிர்பீக்' என்ற கோழியை உண்டாக்கினார்கள். அச்சமற்றது என்று பொருள். இதன் சேவல் 20 வாரத்தில் ஏறக்குறைய 1,850 கிராம் நிறைகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சீமைக் கோழி என்று நாம் கருதும் பிராய்லரின் உடம்பிலும் நமது அசீலின் இரத்தம் ஓடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அசீலைக் கொண்டுபோய்க் கார்ன்வால் பிரதேசத்தில் 'இந்தியன் கேம்' என்ற இனத்தை உருவாக்கினார்கள். அதுவே பின்னர் 'கார்னிஷ்' ஆயிற்று. 1948-ல் அமெரிக்காவில் நடந்த 'நாளைய கோழி' என்னும் போட்டியில் முதற் பரிசு பெற்றது ஒரு கார்னிஷ் கலப்பே. பருத்தியாகப் போனது மல் துணியாகத் திரும்பி வந்த பழைய கதைதான்!

ஆனால் நமக்குக் கவலை தருவது வேறொரு விஷயம். கலப்பின் வீரியம் முதல் தலைமுறையில்தான் பூரணமாக விளங்கும். அந்தக் கோழிகளையே ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்த குஞ்சுகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகப் போய்விடும். மேலும், முட்டைக்கென்று தேர்ந்தெடுத்த இனங்களின் இரத்தம் ஏற ஏற, பெட்டைகள் அடைகாக்கும் குணத்தையே மறந்துவிடுகின்றன. இந்தச் சேவல்களைத் தெருவெங்கும் அவிழ்த்துவிட்டால் நமது சிறுவிடையும் பெருவிடையும் சில தலைமுறைகளில் கலந்து மறையும். பிறகு எதைக் கொண்டு கலப்புச் செய்வது? உறை மோரையும் குடித்துவிட்டவள் நாளைத் தயிருக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவாள்?

ஆகையால், புறக்கடையில் கோழி வளர்ப்போருக்கு நமது யோசனை இது. கறிக்குக் கலப்பினக் குஞ்சுகளை அவ்வப்போது புதிதாக வாங்குங்கள். கலப்பினமானாலும் வெள்ளைக் கழிச்சல் விட்டுவைக்காது. தடுப்பு மருந்து அவசியம். கூடுவாஞ்சேரிக்குச் சமீபத்தில் காட்டுப்பாக்கத்திலேயே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கேட்டறிய வெகுதூரம் போகவேண்டியதில்லை. அத்துடன், அசல் நாட்டுப் பெட்டைகள் நாலைந்தையும் ஒரு சேவலையும் தனியே வைத்துக் காப்பாற்றுங்கள். சந்தைக்குப் போவது கலப்பினமாக இருக்கட்டும்; வீட்டில் தங்குவது வம்சமாக இருக்கட்டும்.